எண்ணெய்க்கு முன் துணி

(சைக்கிள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இயந்திரப் பட்டறையில் 35 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் செயினும் அதைச் சுற்றியுள்ளவையும்.)

கேள்வி: ஐயா, வாரம் தவறாமல் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். கஞ்சத்தனமே கிடையாது, சொட்டச் சொட்ட விடுகிறேன். ஆனாலும் செயின் கரியாக இருக்கிறது. மிதித்தால் மணலை அரைப்பதுபோல் ஒரு சத்தம். எந்த எண்ணெய் வாங்கினால் சரியாகும்?
— நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர்

பதில்: எண்ணெய் வாங்காதீர்கள். பழைய பனியன் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலை அரைப்பதுபோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் ‘போல்’ தேவையில்லை, மணலைத்தான் அரைக்கிறீர்கள். செயினின் மேல் வழிந்து நிற்கும் எண்ணெய் சாலைப் புழுதியை வா வா என்று அழைக்கும். புழுதியும் எண்ணெயும் தேய்ந்த இரும்புத் துகளும் குழைந்ததுதான் உங்கள் கரி. பட்டறையில் வால்வை அதன் இருக்கையில் படியவைக்க அரைப்புப் பசை என்று ஒன்றைத் தடவித் தேய்ப்போம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கினோம், நீங்கள் வாரந்தோறும் வீட்டிலேயே தயாரிக்கிறீர்கள்.

செயினில் ஒரே ஒரு கண்ணியைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் இடுப்பு சிறுத்த தகடுகள், நடுவில் ஓர் உருளை, உருளைக்குள் ஒரு பின். நகத்தால் தள்ளினால் உருளை தன் இடத்தில் சுழல வேண்டும். எண்ணெய்க்கு வேலை இருப்பது அந்த உருளைக்குள்ளும், பின் தகட்டைத் துளைத்துப் போகும் மூட்டிலும்தான். தகட்டின் வெளிமுகத்தில் துருப்பிடிக்காத அளவுக்கு மெல்லிய படலம் இருந்தால் போதும். நீங்கள் அபிஷேகம் செய்வது அந்த வெளிமுகத்துக்கு.

முதலில் துடையுங்கள். சைக்கிளை நிறுத்தி, செயினின் கீழ்ப்பாதியைத் துணியால் வளைத்துப் பிடித்து, மறு கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணி கறுத்ததும் வேறு பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள். கரி இறுகிப்போயிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ தெறிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், தெறித்தால் பிரேக் பிடிக்காது. தட்டு (டிஸ்க்) பிரேக் உள்ள சைக்கிளில் இன்னும் கவனம் வேண்டும். அதன் கட்டை ஒருமுறை எண்ணெய் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

செயின் நன்றாக உலர்ந்த பிறகுதான் எண்ணெய். கீழ்ப்பாதியின் உள்பக்கத்தில், அதாவது பல்லைத் தொடும் பக்கத்தில், உருளைக்கு ஒரு சொட்டு. செயின் பூட்டிலிருந்து, அதாவது செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியிலிருந்து, தொடங்கினால் எங்கே முடிப்பது என்று குழப்பம் வராது. 110 கண்ணி என்றால் 110 சொட்டு, எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான். பிறகு பெடலை இருபது முப்பது முறை பின்னோக்கிச் சுற்றிவிட்டுப் போய்த் தூங்குங்கள். எண்ணெய் மூட்டுக்குள் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். காலையில் வேறொரு துணியால், போட்ட எண்ணெய் வீணாகிறதே என்று மனம் பதறும் அளவுக்கு, வெளியே உள்ளதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் விரலில் நிழல் மாதிரி ஒரு கறை ஒட்டலாம், அதற்கு மேல் ஒட்டக் கூடாது.

இனி எந்த எண்ணெய் என்ற உங்கள் கேள்வி. செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் எதுவும் நல்லது. வறண்ட புழுதிச் சாலை என்றால் இலேசானது, மழையில் ஓட்டுவதென்றால் சற்று ஒட்டிப் பிடிப்பது. தையல் இயந்திர எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் சீக்கிரம் வற்றிவிடும். சமையல் எண்ணெய் கூடாது. காற்றுப் பட்டுப் பட்டு இறுகி, சில வாரங்களில் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான், உள்ளே இருந்த எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

கிரீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரும்புக்குக் கிரீஸ் நல்லது என்று தெரிந்துகொண்ட மிதப்பில், என் சைக்கிள் செயின் முழுவதும் விரலால் கிரீஸ் அப்பினேன். ஒரு வாரம் பட்டுப்போல ஓடியது. மூன்றாவது வாரம் கருப்புக் கயிறு ஒன்று பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்துப் பார்த்தால் உருளைகளுக்குள் ஒரு பொட்டுக் கிரீஸ்கூட நுழைந்திருக்கவில்லை. உள்ளே துரு, வெளியே சேறு.

கேள்வி: செயின் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ரப்பர் நீளும். இரும்பு நீளுமா? ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.
— கணக்காளர் ஒருவர்

பதில்: அவர் சொன்ன வார்த்தை தவறு, சொன்ன விஷயம் சரியாக இருக்கலாம். நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள். கணக்காளருக்கு இது பிடித்த வேலையாகவும் இருக்கும்.

தகடு நீள்வதில்லை. பின் தேய்கிறது, அது உட்கார்ந்திருக்கும் துளையும் தேய்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் இம்மி இம்மியாக ஆட்டம் விழுந்து, மொத்தச் செயினும் நீண்டதுபோல் ஆகிவிடுகிறது. உருளைச் செயினை ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் 1880-ல் உருவாக்கிய நாளிலிருந்து இந்தத் தேய்மானமும் கூடவே வருகிறது.

சைக்கிள் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். இன்றைய சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே அளவுதான், கியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம். எஃகு ஸ்கேல் ஒன்றை எடுங்கள். துணி அளக்கும் டேப் உதவாது, அதுவே நீளும். பின் பிரேக்கை யாரையாவது பிடிக்கச் சொல்லி, பெடலை முன்னோக்கி அழுத்தினால் செயினின் மேல்பாதி விறைத்து நிற்கும். ஸ்கேலின் பூஜ்ஜியக் கோட்டை ஒரு பின்னின் நட்டநடுவில் வைத்து, 24 இடைவெளி எண்ணிப் போங்கள். புதுச் செயினில் பின்னின் நடு 12 அங்குலக் கோட்டில் வந்து விழும்.

ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் தேய்மானம் அரை சதவீதம். 11, 12 பல்சக்கர அடுக்கு உள்ள கியர் சைக்கிளுக்கு அப்போதே மாற்றிவிட வேண்டும். அடுக்கு அதைவிடக் குறைவு என்றால் முக்கால் சதவீதம், ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். கியர் இல்லாத சைக்கிளில் 3 மில்லிமீட்டர், ஒரு சதவீதம் வரை பொறுக்கலாம். ஒன்றரை மில்லிமீட்டரை 24 மூட்டுக்குப் பகிர்ந்து பாருங்கள். மூட்டுக்குச் சராசரியாக 0.06 மில்லிமீட்டர், தலைமுடிப் பருமன்தான் வரும். அந்த முடியளவு தேய்மானம்தான் பல்சக்கரத்தைத் தின்கிறது.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். செயினைச் சுற்றி மூன்று இடங்களில் அளந்து, அதிகமாக வந்ததைக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: புதுச் செயின் போட்ட பிறகு, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் ‘டணக்’கென்று வழுக்குகிறது. பழைய செயினில் இந்தத் தொல்லையே இல்லை. புதுச் செயின் சரக்கு மோசமா?
— கல்லூரி மாணவர்

பதில்: செயின் நல்ல செயின்தான். பின்னால் உள்ள பல்சக்கரத்தைப் பாருங்கள்.

பழைய செயின் நீள நீள, அதன் உருளைகள் பல்லின் அடிப்பள்ளத்தில் உட்காராமல் மேலே மேலே ஏறி உட்கார்ந்து, பல்லையும் தன் இஷ்டத்துக்குத் தேய்த்து வைத்திருக்கும். கெட்டுப்போன இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய்க் குடித்தனம் நடத்தும். இடையில் நீங்கள் அரை அங்குலக் கணக்கு பிசகாத புதுச் செயினைக் கொண்டுவந்து போட்டால், உருளைக்கும் பல்லுக்கும் பொருந்தாது. அழுத்தம் கூடும்போது உருளை பல்லின் மேல் ஏறிக் குதிக்கிறது. நீங்கள் கேட்கும் ‘டணக்’ அதுதான்.

நல்ல பல் இருபுறமும் ஒரே மாதிரி சரிந்திருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து, அலை எழும்பிச் சாய்ந்ததுபோல் கொக்கியாக நிற்கும். பெரும்பாலும் பின்பல்சக்கரம்தான் முதலில் போகும். முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால், நீங்கள் ஒருமுறை மிதிக்கும்போது பின்பல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை முறை செயினிடம் அடிவாங்குகிறது. பல்சக்கரத்தை மாற்றுங்கள், வழுக்கல் நின்றுவிடும். அடுத்த முறை செயினை முன்கூட்டியே மாற்றினால் ஒரே பல்சக்கரம் இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும்.

அதுவரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். வழுக்கும்போது உடம்பின் மொத்த எடையும் ஹேண்டில்பார் மேல் போய் விழும்.

கேள்வி: செயின் பூட்டின் கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும்?
— வாசகி ஒருவர்

பதில்: மூடிய முனை செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பாதியில் வைத்துப் பார்த்தால் மூடிய முனை முன்சக்கரப் பக்கம், வாய் பிளந்த முனை பின்னால். மாற்றிப் போட்டால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்று பறந்துவிடும். ஒருநாள் இருட்டில் அவசரமாக மாற்றிப் போட்டுவிட்டு, மறுநாள் ஏழு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். கிளிப் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

கேள்வி: சில நேரம் பெடலை முன்னோக்கி மிதித்தாலும் சக்கரம் சுற்றுவதில்லை. பெடல் காற்றில் சுற்றுவதுபோல் சும்மா சுற்றுகிறது. கொஞ்சம் பின்னோக்கி ஆட்டிவிட்டு மிதித்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. செயின் கழலவில்லை. என்ன கோளாறு?
— வீடு வீடாகப் பொருள் கொண்டு தருபவர்

பதில்: ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத் தொகுதி. தள்ளிப்போடாதீர்கள். சாலையைக் கடக்கும்போது இது நடந்தால் நடுவழியில் நின்றுவிடுவீர்கள்.

ஃப்ரீவீலுக்குள் நாக்கு மாதிரி சின்ன எஃகுத் துண்டுகள் உண்டு, பொதுவாக இரண்டு. மெல்லிய கம்பிச் சுருள் அவற்றை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போது அவை சுற்றியுள்ள பல்லில் மாட்டி விசையைக் கடத்தும். மிதிக்காமல் விடும்போது பல்லின் மேல் தாவித் தாவிப் போகும். சரிவில் இறங்கும்போது பின்னால் கேட்கும் ‘டிக் டிக் டிக்’ அதுதான். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் இறுகிப்போனால் நாக்கு மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும், எழுந்து வந்து மாட்டாது.

சைக்கிளைப் படுக்கவைத்து, ஃப்ரீவீலின் சுழலாத உள்பகுதிக்கும் சுழலும் வெளிப்பகுதிக்கும் இடையே தெரியும் இடுக்கில் இலேசான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் மந்தமான சத்தம், பிறகு தெளிவான டிக் டிக். காதுக்கு நன்றாக இருக்கும். கறுப்பாக வழிவது நின்றால் போதும். அப்படிச் செய்தும் மறுபடி பிடிக்காமல் போனால் கம்பிச் சுருள் ஒடிந்திருக்கும், ஃப்ரீவீலையே மாற்றுங்கள். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடிக்குண்டுகளைத் தரை முழுக்கத் தேடும் அனுபவத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மிதிக்கும்போது ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.
— பள்ளி ஆசிரியை

பதில்: எங்கிருந்து வருகிறது என்று காதால் தேடினால் கிடைக்காது. சட்டத்தின் குழாய்கள் சத்தத்தைக் கடத்தி எங்கோ கேட்க வைக்கும். எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

மிதிப்பதை நிறுத்திவிட்டு சைக்கிளை ஓடவிடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு சக்கரத்தில், இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. நின்றுவிட்டால், மறுபடி மிதித்து வலது பெடல் மேலே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பெடல் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அல்லது கிராங்க் அச்சு. இரண்டு, இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஒரே ஒரு கண்ணி முரண்டு பிடிக்கிறது. 110 கண்ணிச் செயின், 44 பல் முன்சக்கரம் என்றால் செயின் முழுதாக ஒருமுறை சுற்றிவரப் பெடல் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கு. முரண்டுக் கண்ணியைக் கண்டுபிடிக்க, பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே பின்பல்சக்கரத்தைவிட்டுச் செயின் பிரியும் இடத்தைப் பாருங்கள். எல்லாக் கண்ணியும் நேராகும், ஒன்று மட்டும் முழங்கால் மடக்கியபடி வரும். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் இலேசாக வளைத்து வளைத்து விட்டால் இளகிவிடும்.

உங்களுடையது சுற்றுக்கு ஒருமுறை வருவது என்று ஊகிக்கிறேன், எண்ணெய்க்கு மசியாத சத்தம் பெரும்பாலும் அதுதான். இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் அச்சின் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் சரியாகப் பிடிக்கவில்லை. பழைய மாடல் சைக்கிளில் இது காட்டர் பின்னின் வேலை, கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு அது. நட்டை மட்டும் முறுக்கிப் பின்னை இழுக்கப் பார்க்காதீர்கள், மரை போய்விடும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கிவிட்டு, பிறகு நட்டை இறுக்க வேண்டும். பின்னின் சரிவு முகத்தில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தால் புதிது போடுங்கள். தழும்பு விழுந்த பழைய காட்டர் பின் இன்று இறுகும், அடுத்த வாரம் மறுபடி டக்.

இரண்டும் ஆடவில்லை என்றால் பெடல்களைக் கழற்றி, மரையைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி இறுக்கிப் பாருங்கள். (ஆம், கிரீஸ். இங்கே அதற்கு இடம் உண்டு.) வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு இடம்புரி மரை, அது வலஞ்சுழியாகத்தான் கழலும். விமானம் கட்டுவதற்கு முன் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரைட் சகோதரர்கள், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாத பெடல் என்று இந்த மரையை 1900-ல் பெருமையாக அறிவித்தார்கள். 1903-ல் பறந்த அவர்களுடைய விமானத்திலும் இன்ஜினிலிருந்து விசிறிகளுக்கு விசை போனது செயினும் பல்சக்கரமும் வழியாகத்தான். ஒரு செயினை எட்டுப்போல் குறுக்கே மடித்து ஓட்டி, ஒரு விசிறியை எதிர்த்திசையில் சுற்றவைத்தார்கள். செயின் தெரிந்தவர்களுக்கே வரும் யோசனை அது.

கேள்வி: கியர் சைக்கிள் ஒருமுறை வலப்பக்கமாக விழுந்தது. அதிலிருந்து எந்தக் கியரும் ஒழுங்காக விழவில்லை. கேபிளை முறுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டேன்.
— இளைஞர் ஒருவர்

பதில்: முறுக்குவதை நிறுத்துங்கள். கியர் மாற்றி சட்டத்தில் தொங்குகிறதே, அந்தக் கொக்கித் துண்டு வளைந்திருக்கும். பின்னால் நின்று பாருங்கள். கியர் மாற்றியின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் அதை நிமிர்த்தாமல் எந்தத் திருகும் பயன் தராது. பெரிய பல்லுக்கு மாற்றும்போது ஆரக் கம்பிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளவும் கூடும். நிமிர்த்துவதற்கு அதற்குரிய கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எண்ணெய் போட்டாலும் போடாவிட்டாலும் செயினின் திறன் ஒன்றுதான் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாமே? பிறகு எதற்கு இவ்வளவு பாடு?
— அறிவியல் ஆர்வலர்

பதில்: 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைச் சொல்கிறீர்கள். சுத்தமான செயினை ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். உகந்த நிலையில் 98.6 சதவீதம் வரை ஆற்றல் பின்சக்கரம் போய்ச் சேர்ந்தது, எண்ணெயால் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. படித்தபோது எனக்கும் கொஞ்சம் முகம் சுருங்கியது, மறுப்பதற்கில்லை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் மழை பெய்யாது, லாரி புழுதி கிளப்பாது. எண்ணெய் இல்லாத செயினை ஒரு மழையில் நனையவிட்டு இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் மூட்டெல்லாம் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். அன்றைக்கு மிதித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தாத்தா, எனக்குப் பன்னிரண்டு வயது. நானே செயினைத் துடைத்து எண்ணெய் விடலாமா? விரல் மாட்டிக்கொள்ளும் என்று அம்மா விட மாட்டேன் என்கிறார்.
— ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: அம்மா பயப்படுவது சரிதான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டாக யாரோ பெடலை முன்னோக்கிச் சுற்றிவிட்டார்கள்.

அதனால் நீ துடைக்கும்போது பெடல் உன் கையில்தான் இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. எப்போதும் பின்னோக்கித்தான் சுற்று. துணியைச் செயினின் கீழ்ப்பாதியில், முன்சக்கரப் பல்லுக்கும் பின்சக்கரப் பல்லுக்கும் நடுவில் பிடி. தொங்கும் முனையை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள், அதுதான் முதலில் இழுபடும். சடையைத் தூக்கிக் கட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் பின்சக்கரமும் கூடவே சுற்றுகிற சைக்கிளாக இருந்தால், அதில் கைவைக்காமல் பெரியவர்களைக் கூப்பிடு.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தொடங்கு. இடது பெடலைக் கழற்ற நினைத்தால் மட்டும், ஆசிரியைக்குச் சொன்ன பதிலை முதலில் படித்துவிடு.